சர்ச் ஸ்ட்ரீட்டும் சிக்பேட்டையும்

சிக்பேட்டை மெட்ரோ நிலையத்தில் படியேறி மேலே வந்தால் முதலில் காதில் விழுவது “தாரி பிடி, தாரி பிடி” என்ற குரல்தான். தமிழ்க் காதுக்கு எதையோ பிடிக்கச் சொல்வதுபோல் இருக்கும்; கன்னடத்தில் அதற்குப் பொருள் ‘வழி விடுங்க’. குரல் கொடுப்பவரின் தலையில் அவரைவிட இரண்டு மடங்கு அகலத்துக்குத் துணி மூட்டை. அவருக்காக ஒதுங்கினால் ஸ்கூட்டர் இடிக்கும். ஸ்கூட்டருக்கு ஒதுங்கினால் தள்ளுவண்டி. அதற்கும் ஒதுங்கினால், கடைக்காரர் வாசலில் அடுக்கிவைத்த சேலைப் பெட்டிகள். நடைபாதை எங்கே என்று கேட்டால் உள்ளூர்க்காரருக்கே சிரிப்பு வரும்.

கிழக்கே மூன்று நான்கு கிலோமீட்டர் போனால் சர்ச் ஸ்ட்ரீட். காலடியில் கருங்கல் பாவிய தரை, இரண்டு பக்கமும் பழைய புத்தகக் கடைகள், எம்.ஜி. ரோட்டிலிருந்து 2009-ல் இங்கே குடிவந்த இந்தியன் காபி ஹவுஸ். காபியைக் குடித்துவிட்டு வேலையில்லாமல் உலாவ ஏற்ற தெரு.

இரண்டும் பெங்களூரு நகரத்துக்குள்தான் இருக்கின்றன. இரண்டையும் ஒரே மாநகராட்சிதான் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டது. சர்ச் ஸ்ட்ரீட்டில் செய்ததைச் சிக்பேட்டையிலும் செய்துவிட்டால் தீர்ந்ததே என்று சொல்வது சுலபம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பேட்டை என்று பெங்களூர்க்காரர்கள் சொல்வது, 1537-ல் கெம்பேகவுடா கட்டிய மண்கோட்டை ஊரை. தொட்டபேட்டையும் சிக்கபேட்டையும் சந்திக்கும் இடத்தில் நான்கு ஏர்களைப் பூட்டி, நான்கு திசைக்கும் உழச் சொன்னார் என்றும், ஏர் போன தடமே தெருவானது, மாடு நின்ற இடமே கோட்டை வாசலானது என்றும் சொல்வார்கள். கதையோ வரலாறோ, அந்தச் சந்திப்பு இன்றும் இருக்கிறது. தொட்டபேட்டை இப்போது அவென்யூ ரோடு, சிக்கபேட்டை சிக்பேட்டை. ‘தொட்ட’ என்றால் பெரிய, ‘சிக்க’ என்றால் சின்ன.

மற்ற பேர்களைக் கொஞ்சம் கன்னடம் தெரிந்தவர் படித்தால் ஊரின் கணக்குப் புத்தகத்தைப் பிரித்ததுபோல் இருக்கும். அக்கிபேட்டை அரிசிக்கு, ராகிபேட்டை கேழ்வரகுக்கு, பளேபேட்டை வளையலுக்கு, கும்பார்பேட்டை குயவருக்கு. பருத்தி விற்ற அரளேபேட்டையை ஆங்கிலேயர் காட்டன்பேட்டை ஆக்கினார்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தெரு. கீழே கடை, மேலே வீடு, வாசலில் சரக்கு. வண்டி என்றால் மாட்டுவண்டிதான் என்றிருந்த காலத்தில் போட்ட தெருக்கள் இவை. 1791 மார்ச்சில் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை கோட்டையின் அல்சூர் வாசலை உடைத்து உள்ளே நுழைந்தபோதும், 1898-ல் பிளேக் வந்து ஊரே கதிகலங்கியபோதும் தெருக்களின் அளவு மாறவில்லை. பிளேக்குக்குப் பிறகு வசதி உள்ளவர்கள் பசவனகுடிக்கும் மல்லேஸ்வரத்துக்கும் போனார்கள். காற்றோட்டமான நேர் வீதிகளும், வீடுகளுக்குப் பின்னால் கழிவு அள்ளத் தனிச் சந்துகளும் அங்கேதான் வந்தன. பேட்டை பழைய கோலத்திலேயே நின்றது.

சர்ச் ஸ்ட்ரீட் வேறு வம்சம். 1809-ல் வெள்ளைக்காரப் படைக்காகத் தனியாக அமைத்த கன்டோன்மென்ட்டில் வந்த தெரு அது. பங்களா, தோட்டம், குதிரைவண்டி போக வர இடம் என்று தாராளமாகப் போட்ட பகுதி. ஒரே ஊர் என்று இன்று சொன்னாலும், பேட்டையும் கன்டோன்மென்ட்டும் ஒரே நகராட்சிக்குக் கீழே வந்ததே 1949-ல்தான். நில அளவை வைத்துப் பார்த்தால், கன்டோன்மென்ட் தெருவைச் சீர்திருத்துபவருக்குக் கையில் காசோடு கொஞ்சம் இடமும் இருந்தது.

அந்த இடத்தை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு ஒரு நல்ல பாடம் டெண்டர்ஷ்யூர் திட்டம். நகர் வடிவமைப்பில் வேலை செய்யும் ஜன அர்பன் ஸ்பேஸ் அமைப்பு எழுதிய சாலை வரையறை அது. விட்டல் மல்லையா ரோடு, ரெசிடென்சி ரோடு, மியூசியம் ரோடு, கன்னிங்ஹாம் ரோடு போன்ற தெருக்களில் முதலில் செய்து பார்த்தார்கள். யோசனை எளிமையானது. நம் ஊர்ச் சாலைகள் ஓரிடத்தில் இரண்டு வண்டி அகலம், அடுத்த முனையில் மூன்று வண்டி அகலம், மறுபடி இரண்டு என்று வீங்கி ஒடுங்கிப் போகின்றன. மூன்று வரிசையாக வந்த வண்டிகள் ஒடுங்கும் இடத்தில் முட்டிக்கொள்கின்றன. நெரிசல் அங்கே பிறக்கிறது. வண்டிப் பாதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அகலமாக வைத்துவிட்டால் ஓட்டம் சீராகும். மிச்சமாகும் இடமெல்லாம் நடப்பவருக்கு.

ஆனால் திட்டத்தின் உயிர் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. குடிநீர்க் குழாய், சாக்கடை, மழைநீர்க் கால்வாய், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி எல்லாவற்றையும் நடைபாதைக்குக் கீழே, தனித்தனித் தடத்தில் கொண்டுபோகிறார்கள். குறிப்பிட்ட இடைவெளிகளில் மூடிபோட்ட தொட்டி. புதிதாகக் கேபிள் இழுக்க வேண்டியவர் மூடியைத் திறந்து இழுத்துக்கொள்ளலாம், தாரைக் கொத்த வேண்டியதில்லை. தார் போட்ட மறுவாரம் குடிநீர் வாரியம் வந்து தோண்டும், அதை மூடியதும் மின்வாரியம் வரும் என்பதை வாழ்க்கை நியதியாக ஏற்றுக்கொண்ட ஊர்க்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

சர்ச் ஸ்ட்ரீட்டிலும் கண்ணுக்குத் தெரியும் கருங்கல்லைவிட, தெரியாமல் உள்ளே போன குழாய்களே பெரிய வேலை. 2017-ல் தோண்டத் தொடங்கி, 2018 மார்ச்சில் திறந்தார்கள். முக்கால் கிலோமீட்டர்கூட இல்லாத தெருவுக்கு அவ்வளவு காலம். புழுதியைத் தின்றுகொண்டு காத்திருந்த கடைக்காரர்கள் திட்டாத திட்டு இல்லை. திறந்ததும் இன்னொரு கூத்து நடந்தது: நடப்பதற்காகப் பாவிய கல்லின் மேல் பைக்குகள் வரிசை கட்டி நின்றன. தெருவின் தோற்றத்தை மாற்றியதால் மட்டும் தெருவில் நடப்பது மாறிவிடவில்லை. 2020 நவம்பர் முதல் 2021 பிப்ரவரி வரை, வார இறுதிகளில் வண்டிகளை நிறுத்தி நடப்பவருக்கு மட்டும் தெருவை விட்டுப் பார்த்தார்கள். கர்நாடக அரசின் நகர்ப்புற நிலப் போக்குவரத்து இயக்ககம் நடத்திய சோதனை அது. கூட்டம் சேர்ந்தது, காற்று லேசானது. சோதனை முடிந்ததும் வண்டிகள் திரும்பி வந்தன.

இதே பாணியைப் பேட்டையோரத்துக் காட்டன்பேட்டை பிரதான சாலைக்குக் கொண்டுபோனபோது கதை வேறானது. சில மாதங்களில் முடியும் என்ற வேலை, கொரோனா ஊரடங்கையும் தாண்டி இழுத்தது. மொத்த வியாபாரிகள் நிறைந்த தெருவில் லாரி வர வழியில்லை. தோண்டத் தோண்ட, வரைபடத்தில் இல்லாத குழாய்களும் கம்பிகளும் கிடைப்பது பழைய ஊர்களின் சாபம். நூறு வருஷமாக யார் யாரோ போட்டு மறந்தவை அவை. 1905 ஆகஸ்டில், சிவனசமுத்திரத்து அருவி தந்த மின்சாரத்தில் பெங்களூரின் முதல் தெருவிளக்கு எரிந்ததும் இந்தப் பழைய நகரப் பகுதியில்தான். அப்போது தொடங்கிய கம்பி இன்று பேட்டைச் சந்துகளின் தலைக்கு மேல் இடியாப்பமாகத் தொங்குகிறது.

நீருக்கும் இங்கே பழைய கணக்கு உண்டு. கே.ஆர். மார்க்கெட் நிற்கும் இடம் ஒருகாலத்தில் சித்திக்கட்டே என்ற குளம். மெஜஸ்டிக் பேருந்து நிலையம் இருப்பது தர்மாம்புதி ஏரியின் மடியில். மழை பெய்தால் தண்ணீருக்குத் தன் பழைய வீடு நினைவுக்கு வந்துவிடும். மேலே கல் பாவும் முன் கால்வாயைப் பார்க்காத எந்தத் திட்டமும் இங்கே ஒரு மழைக்காலம்தான் தாங்கும்.

அப்படியானால் பேட்டைத் தெருக்களை அகலப்படுத்தினால் என்ன? அவென்யூ ரோட்டுக்கு அந்தப் பேச்சும் வந்தது; கடைக்காரர்கள் விடாமல் எதிர்த்தார்கள். எதிர்த்தது நல்லதே. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தெருவில் இரண்டு பக்கமும் பத்தடி இடித்தால் போவது சுவர் மட்டுமல்ல. பத்தடி ஆழமே உள்ள கடை மொத்தமாகப் போகும். கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர், நகைப் பட்டறைக்காரர், பழைய பாடப்புத்தகம் விற்பவர் எல்லாரும் போவார்கள். காலியான இடத்தில் வந்து நிற்கப்போவது கார்.

பேட்டையை உற்றுப் பார்த்தால், அங்கே ஏற்கெனவே பெரும்பாலோர் நடக்கத்தான் செய்கிறார்கள். 2017 ஜூனில் சிக்பேட்டையிலும் கே.ஆர். மார்க்கெட்டிலும் சுரங்க மெட்ரோ நிலையங்கள் திறந்த பிறகு, கார் இல்லாமல் பேட்டையின் நடுவிலேயே வந்து இறங்க முடிகிறது. நடக்கும் பழக்கத்தைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய அவசியம் இங்கே இல்லை. தேவை, நடப்பவரையும் சுமப்பவரையும் இடிக்காமல் பார்த்துக்கொள்ளும் ஒரு நேர ஒழுங்கு.

தில்லியின் சாந்தினி சௌக் இதற்கு நெருங்கிய உதாரணம். செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை சுமார் 1.3 கிலோமீட்டர். 2021 செப்டம்பரில் சீரமைத்துத் திறந்தபோது, காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டி கூடாது என்று விதித்தார்கள். சைக்கிள் ரிக்‌ஷாவுக்குத் தடையில்லை. மொத்த வியாபாரம் நடக்கும் பழைய கடைத்தெருவில் இது முடியும் என்று அது காட்டியது. விதியைக் காவல் காக்காவிட்டால் பைக்குகள் எப்படி நுழைந்துவிடும் என்பதையும் அதே தெருவே காட்டிக்கொண்டிருக்கிறது.

சென்னைவாசிகளுக்குப் பாண்டி பஜார் நினைவுக்கு வரும். 2019 நவம்பரில் திறந்த அந்த அகல நடைபாதையில் மாலையில் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அங்கிருந்த நடைபாதை வியாபாரிகள் தனிக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டார்கள். தெருவில் நடந்துபோகிறவர் கண்ணில் பட்டால்தான் விற்கும் பொருள், மாடியேறிப் போனால் விற்குமா என்பது எந்த வியாபாரியும் கேட்கும் கேள்வி. பேட்டையில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. கே.ஆர். மார்க்கெட் வாசலில் உதிரிப் பூ விற்கும் பெண் தெருவுக்கு இடைஞ்சல் அல்ல. அவர் அங்கே இருப்பதால்தான் ஊர் அந்தத் தெருவுக்கு வருகிறது. 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவரைக் கணக்கெடுத்து, சான்று தந்து, விற்பனை வட்டாரம் ஒதுக்கச் சொல்கிறது. நகர விற்பனைக் குழுவில் பத்தில் நான்கு பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. லாரியை அனுப்பி அள்ளிக்கொண்டு போகச் சொல்லவில்லை.

நடப்பவர் பக்கமும் சட்டம் வந்துவிட்டது. நடைபாதையில் தடையின்றி நடப்பது, உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத நடைவழி வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவு. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே தாண்டிப் போகும் அகலம் அது. பேட்டைச் சந்துகள் பலவற்றில் இரண்டு பக்கமும் அந்த அளவை விட்டால் நடுவில் வண்டிக்கு இடமே மிஞ்சாது. அங்கே நடைபாதை, சாலை என்று பிரிக்காமல் தெரு முழுவதையும் ஒரே மட்டத்தில் சமமாகப் போட்டு, சரக்கு வண்டிக்கு அதிகாலையும் இரவும் என்று நேரம் வகுப்பதே நடக்கக்கூடிய வழி. தள்ளுவண்டிச் சக்கரம் சிக்காத தரை, சுமை இறக்கி மூச்சுவிட ஒரு திண்ணை, குடிக்கத் தண்ணீர், பெண்கள் போகக்கூடிய கழிப்பறை: வரைபடத்தில் முதலில் வர வேண்டியவை இவை. அலங்கார விளக்குக் கம்பம் பிறகு வரட்டும்.

பேட்டைக்கு இதைச் சொல்லித்தர வெளியூர் நிபுணர் வர வேண்டியதில்லை. ஆண்டுதோறும் சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் தர்மராய சுவாமி கோயிலிலிருந்து கரகம் புறப்படுகிறது. எடுப்பவர்கள் திகளர் சமூகத்தார். தமிழரைக் குறித்த பழைய கன்னடச் சொல்லே அந்தப் பேர். உயரமான பூக்கரகத்தைத் தலையில் சுமந்து, உருவிய வாளோடு வீரகுமாரர்கள் சூழ, விடியும்வரை பேட்டைத் தெருக்களைச் சுற்றி, காட்டன்பேட்டையில் மஸ்தான் தர்காவுக்கும் போய்த் திரும்புவார்கள். அந்த ஒரு இரவு வண்டிகள் ஓரம்போகும், தெரு முழுக்க நடப்பவருக்கு. தலையில் கரகம் இருப்பவருக்குக் காலில் குழி இடறக் கூடாதே என்று வழியெல்லாம் பார்த்துச் சரிசெய்வார்கள்.

மறுநாள் காலையில் அதே தெருவில், தலையில் மூட்டையோடு வருபவர் மறுபடியும் “தாரி பிடி” என்று கத்திக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கிறது.