வெளிநாட்டு வணிகப் பள்ளிக்கு விண்ணப்பம்: வழிகாட்டி எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?



பட்டம் வாங்கி நாலைந்து வருடம் வேலையும் பார்த்துவிட்ட பழைய மாணவர்கள் சிலர், எம்.பி.ஏ. படிக்க நினைக்கும்போது நம்மைத்தான் முதலில் தேடி வருகிறார்கள். "சார், என் கட்டுரையைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று புலனத்தில் கேட்பார்கள். இன்னும் சிலர், "டீச்சர், நீங்களே திருத்தி எழுதிக் கொடுத்துடுங்களேன்" என்பார்கள். இந்த இரண்டு கோரிக்கைக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோடு எங்கே என்று தெரிந்தால்தான் நாம் நல்ல வழிகாட்டியாக இருக்க முடியும்.

1. முதலில், எது எம்.பி.ஏ.?

எஸ்.டி.பி.எம். முடித்த கையோடு சேர்வது இளங்கலை வணிகப் படிப்பு. எம்.பி.ஏ. அப்படியல்ல. அதற்குப் பட்டம் வேண்டும். முன்னணிப் பள்ளிகளில் சேர்பவர்கள் பெரும்பாலும் சில ஆண்டு வேலை அனுபவத்தோடுதான் வருகிறார்கள். அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படிப்பு 2 ஆண்டு. 1957-இல் பிரான்சில் தொடங்கிய இன்சியாட் பள்ளியில் 10 மாதம்தான். இன்சியாட்டுக்கு 2000-ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரிலும் வளாகம் உண்டு. ஆகவே ஜொகூர் மாணவருக்கு 'வெளிநாடு' பாலத்துக்கு அந்தப் பக்கமாகவும் இருக்கலாம்!

பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிப்பவர்களுக்கும் ஒரு வாசல் இருக்கிறது. ஹார்வர்டின் '2+2' திட்டத்தில் இப்போதே விண்ணப்பித்து, இடம் கிடைத்தால், குறைந்தது 2 ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் பிறகு படிப்பில் சேரலாம்.

2. விண்ணப்பத்தில் என்னென்ன கேட்பார்கள்?

பட்டப்படிப்பு மதிப்பெண், ஜிமேட் அல்லது ஜிஆர்இ தேர்வு, தன்விவரம், கட்டுரைகள், பெரும்பாலும் 2 பரிந்துரைக் கடிதங்கள், கடைசியில் நேர்முகம். ஆங்கிலத் தேர்வும் உண்டு. பட்டத்தை ஆங்கில வழியில் முடித்தவர்களுக்குப் பல பள்ளிகள் விலக்குத் தருகின்றன.

இப்போதைய ஜிமேட் தேர்வில் 3 பகுதிகள்: கணிதம், மொழி, தரவுப் பகுப்பாய்வு. ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். மொத்தம் 64 கேள்விகள். மதிப்பெண் 205 முதல் 805 வரை. கணிதப் பகுதியில் கணிப்பானுக்கு அனுமதி இல்லை. "வாய்ப்பாடு எதுக்கு சார்?" என்று கேட்கும் மாணவனிடம் இதைச் சொல்லுங்கள். மதிப்பெண் 5 ஆண்டு செல்லும். பயிற்சிக்காக உடனே பணம் கட்டத் தேவையில்லை. ஜிமேட், ஜிஆர்இ இரண்டையும் நடத்தும் அமைப்புகளே இலவச மாதிரித் தேர்வுகளைத் தருகின்றன.

பல அமெரிக்கப் பள்ளிகளில் முதல் சுற்று செப்டம்பர் வாக்கில், இரண்டாம் சுற்று ஜனவரி வாக்கில் முடியும். படிப்பு அதற்கு அடுத்து வரும் ஆகஸ்டு, செப்டம்பரில்தான் தொடங்கும். அதனால் சேர வேண்டிய நாளுக்கு ஒன்றரை ஆண்டு முன்பே வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

பணத்தையும் மறைக்காமல் பேசுங்கள். ஹார்வர்டில் 2 ஆண்டுக்கான கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்தால் 2 லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டும். உதவித்தொகை உண்டு, அங்கே அது தேவையைப் பார்த்துத் தரப்படுகிறது. விண்ணப்பிக்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து ரிங்கிட்டிலோ சிங்கப்பூர் வெள்ளியிலோ கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

3. கட்டுரையில் மனப்பாடம் உதவாது

நம் பிள்ளைகளுக்குப் பழக்கமான ஒன்று: மனப்பாடம் செய்த தொடக்கம், நாலு பழமொழி, அழகான முடிவு. தேர்வில் சில நேரம் அது கைகொடுக்கும். சேர்க்கைக் குழுவினரோ ஒரே பருவத்தில் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைப் பார்க்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரி அவர்கள் கண்ணில் நிற்காது.

கிள்ளானில் அப்பாவின் மளிகைக் கடையில் வளர்ந்த ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். அவள் முதலில் எழுதுவது: "சிறு வயது முதலே எனக்கு வணிகத்தில் ஆர்வம் அதிகம். விடாமுயற்சியே என் மூலதனம்." இதில் அவள் எங்கே இருக்கிறாள்?

நீங்கள் கேள்வி கேட்க வேண்டும். "கடையில நீ என்னம்மா செஞ்ச?" கடன் நோட்டைப் பார்த்துக்கொண்டாளாம். "அதுல என்ன பிரச்சினை?" மாதக் கடைசியில் பாதிப் பேர் பணம் கட்டவில்லை. "நீ என்ன மாத்தின?" வாடிக்கையாளர்களைச் சம்பள நாள்படி பிரித்து, அந்தந்த நாளில் நினைவூட்டினாள். நிலுவை குறைந்தது. "அப்புறம் என்ன ஆச்சு?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொல்கிறாள்: ஒரு பாட்டி கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். மற்றவர்கள் முன்னால் கடனைக் கேட்டது அவருக்கு அவமானமாகப் போய்விட்டது. அதன் பிறகு அவள் யாரிடமும் தனியாகத்தான் கேட்டாள்.

கட்டுரை அங்கேதான் இருக்கிறது. அவள் செய்தது என்ன, அதன் விளைவு என்ன, அதிலிருந்து அவள் மாற்றிக்கொண்டது என்ன, மூன்றும் வந்துவிட்டன. இதில் நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

4. கோடு எங்கே இருக்கிறது?

கேட்கலாம், சுட்டிக்காட்டலாம், எழுத்துப்பிழையைக் காட்டலாம், நேர்முகத்துக்குப் பயிற்சி கொடுக்கலாம். எழுதிக் கொடுக்கக்கூடாது. நடக்காததைச் சேர்க்கச் சொல்லக்கூடாது. பல பள்ளிகள் இடம் கொடுத்த பிறகும் வேலை, சம்பளம், பட்டம் எல்லாவற்றையும் சரிபார்க்கின்றன. பொய் தெரிந்தால் கிடைத்த இடமும் போய்விடும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பற்றி ஒவ்வொரு பள்ளிக்கும் தனி விதி உண்டு. அதை மாணவரே படித்துப் பார்க்க வேண்டும்.

பரிந்துரைக் கடிதத்திலும் இதே சிக்கல்தான். எம்.பி.ஏ.வுக்கு அதைப் பெரும்பாலும் வேலையிடத்து மேலாளர்தான் தர வேண்டும். "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுறேன்" என்று அவர் சொன்னால் மாணவர் என்ன செய்வது? செய்த பணிகள், தேதிகள், விளைவுகள் அடங்கிய ஒரு பக்கக் குறிப்பைக் கொடுக்கலாம். கடிதத்தை மேலாளரே எழுதி, அவரே இணையத்தில் நேராகப் பதிவேற்ற வேண்டும்.

கோட்டைத் தாண்டினால் எங்கே போய் முடியும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் உண்டு. 2019 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு பெரிய சேர்க்கை மோசடி வெளிவந்தது. அது இளங்கலைச் சேர்க்கை தொடர்பானது. தேர்வில் ஆள்மாறாட்டம், விளையாடாத பிள்ளைகளுக்கு விளையாட்டு வீரர் என்ற பொய் விவரம் எல்லாம் நடந்திருந்தன. அதை நடத்திய ஆலோசகர் வில்லியம் ரிக் சிங்கருக்கு 2023 ஜனவரியில் மூன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பணம் கட்டிய பெற்றோர் பலரும் சிறைக்குப் போனார்கள்.

5. நீங்கள் வழிகாட்டியாக விரும்பினால்

இந்தப் பணிக்குக் கட்டாயச் சான்றிதழ் எதுவும் இல்லை. அதனால்தான் நல்லவர்களும் வருகிறார்கள், மற்றவர்களும் வருகிறார்கள். ஒரே ஒரு மாணவரோடு, கட்டணம் இல்லாமல் தொடங்குங்கள். அந்தப் பள்ளியில் படித்தவர் ஒருவரோடு அவரைப் பேச வையுங்கள். உங்களுக்குத் தெரியாத கேள்வி வந்தால் பள்ளியின் சேர்க்கை அலுவலகத்திடமே கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் பதில் தருவார்கள்.

பணம் வாங்கும் ஆலோசகரிடம் போகும் மாணவருக்கு 3 கேள்விகள் சொல்லிக் கொடுங்கள்: "இடம் உறுதி என்கிறீர்களா? கட்டுரையை நீங்கள் எழுதுவீர்களா? பள்ளியிடம் கமிஷன் வாங்குகிறீர்களா?" முதல் இரண்டில் எதற்காவது 'ஆமாம்' என்றால் எழுந்து வந்துவிடலாம். மூன்றாவதுக்கு 'ஆமாம்' என்றால், அவர் சொல்லும் பள்ளி யாருக்கு நல்லது என்று யோசிக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி

இந்த வாரம் 5 வாக்கியம் எழுதுங்கள். நீங்கள் சரிசெய்ய முயன்ற ஒரு பிரச்சினை, செய்த ஒரு செயல், கிடைத்த விளைவு, எதிர்பாராமல் நடந்தது, அதன் பின் நீங்கள் மாற்றிக்கொண்டது. பழமொழி வேண்டாம், 'சிறு வயது முதலே' வேண்டாம். எழுதியதை வகுப்பில் வாசியுங்கள். பெயரை மறைத்தாலும் நண்பர்கள் "இது நீதான்!" என்று சொல்லிவிட்டால், பயிற்சி பலித்துவிட்டது.