சிறு சக்கரச் சைக்கிள்

சக்கரம் சிறியதானால், அது சிறுவர் சைக்கிள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். 1962-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அலெக்ஸ் மோல்ட்டன் என்ற பொறியியல் அறிஞர் அவ்வெண்ணத்தை மாற்ற முனைந்தார். சிறு சக்கரம் விரைவில் வேகம் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கிக் குலுக்கும். மினி காருக்குக் குலுக்கலைத் தாங்கும் ரப்பர் அமைப்பை வகுத்தவர் அவரே. ஆகவே, தமது 16 அங்குலச் சக்கர வண்டியிலும் முன்னும் பின்னும் ரப்பரைப் பொருத்தினார். டயரில் காற்றை மிகுந்த அழுத்தத்தில் அடைக்கச் செய்தார். 1965-இல் ராலே நிறுவனம் வெளியிட்ட போட்டி வண்டியிலோ ரப்பர் அமைப்பு இல்லை. அதற்கு ஈடாகத் தடித்த டயர் இட்டனர். குலுக்கல் குறைந்தது, மிதிக்கும் உழைப்பு மிகுந்தது!

இப்பழைய வண்டிகளைத் தேடியெடுத்துப் புதுப்பிப்போர் இன்றும் உளர். அவருள் சிலர் எடுத்த எடுப்பிலேயே வண்ணம் பூசத் தொடங்கிவிடுகின்றனர். எனக்கு இது உடன்பாடன்று. மோல்ட்டனின் தொடக்க கால வண்டிகளில் பின் ஃபோர்க்கில் விரிசல் காண்பதுண்டு. புது வண்ணம் அதை மறைத்துவிட்டால், ஏறிச் செல்பவர் கதி என்ன? முதலில் அழுக்கைத் துடைத்து, பற்றுவைத்த இடங்களை நன்கு பாருங்கள். அப்படியே பின் சக்கரத்து ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்பையும் துடையுங்கள். அது செய்யப்பட்ட ஆண்டும் மாதமும் பொறித்திருக்கக் காணலாம். பல ஆண்டு ஓடாது கிடந்த மூன்று வேக ஹப்பும் பெரும்பாலும் சில துளி எண்ணெயில் உயிர்பெறும். கழற்றுவதற்கு அவசரம் வேண்டாம்.

அப்படியானால் எதையுமே மாற்றலாகாதா? எஃகு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். அலுமினிய ரிம்மில் நன்கு பிடிக்கும். இங்கே தயக்கம் கூடாது. கழற்றிய பழைய ரிம்மை மட்டும் எறிந்துவிடாதீர்கள். அதைத் தேடி ஒருவர் வரக்கூடும்.