ஓதம் எழுப்பும் ஊரில் காப்பிக்கு என்ன வேலை?

பழவேற்காடு ஏரியில் இறாலுக்கு வலை கட்டுகிறவரை எழுப்புவது அலாரம் அல்ல, ஓதம். முகத்துவாரம் வழியாக ஏறிய கடல்நீர் எப்போது வற்றத் தொடங்குகிறதோ அப்போதுதான் அவருக்கு வேலை. அந்த நேரம் இன்று இருந்தபடி நாளை இருக்காது. நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று நள்ளிரவு பன்னிரண்டுக்கு என்றால் நாளைக்கு ஒரு மணியை ஒட்டி, மறுநாள் இரண்டுக்கு முன்பின்னாக. கோட்டைக்குப்பத்திலும் நடுவூர் மாதாகுப்பத்திலும் ஆண்டிகுப்பத்திலும் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைப் பாடு முறை தீர்மானிக்கிறது. தன் பாடு வரும் நாளில் அசந்து தூங்கிவிட்டால் அந்த நாள் வருமானம் போனதுதான். காப்பி இல்லாமல் விழிப்பாக இருப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு, பொன்னேரி வட்டத்தின் இந்தக் கரையைவிட நல்ல பாடசாலை எனக்குத் தெரியவில்லை.

முதலில் காப்பியின் கணக்கைப் பார்த்துவிடலாம். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது போய் ஒட்ட வேண்டிய இடத்தில் காஃபின் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவதால் களைப்பு தெரிவதில்லை. தெரியவில்லையே தவிர, களைப்பு அங்கேயேதான் இருக்கிறது. குடித்த காஃபினில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் போல ஆகும். மாலை ஐந்து மணிக் காப்பியில் பாதி இரவு பத்துக்கும் உடம்பில் ஓடுகிறது. தூக்கம் கெடுகிறது, மறுநாள் காலையில் இன்னொரு டம்ளர் தேவைப்படுகிறது. தினமும் குடிப்பவருக்குக் காலையில் வரும் தலைவலியும் மந்தமும் பெரும்பாலும் ராத்திரி முழுக்கக் காஃபின் கிடைக்காத ஏக்கம்தான். இன்னொன்றும் உண்டு. எழுந்ததும் வரும் தூக்கக் கலக்கம் பெரும்பாலோருக்கு அரை மணி நேரத்தில் தானாகவே விலகிவிடும். காப்பி முழுதாக வேலை செய்யத் தொடங்குவதற்கும் ஏறக்குறைய அதே நேரம் ஆகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகப் பெயர் காப்பிக்குப் போய்விடுகிறது.

ஏரிக்கரையில் அந்த அரை மணி நேரம் எப்படிக் கழிகிறது? கால் குளிர்ந்த நீரில் இருக்கிறது, கை கயிற்றை இழுக்கிறது, வலையை உதறி நண்டை ஒரு பக்கம், இறாலை ஒரு பக்கம் பிரிக்கிறது. கிழக்கு வெளுக்கும்போது தலைக்கு மேல் கூரை இல்லை. இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். நம் வீட்டுக் கூடத்தில் விளக்கு போட்டால் கிடைக்கும் வெளிச்சம் சில நூறு லக்ஸ். மேகம் மூடிய காலையில்கூடத் திறந்தவெளியில் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கென்று அல்லாமல் வெளிச்சத்தின் அளவை மூளைக்குச் சொல்வதற்கென்றே தனி உயிரணுக்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கூடத்து விளக்கு போதாது. பிறகு வயிறு. பழைய சோற்று நீராகாரத்தில் உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தால், ராத்திரி முழுக்க இழந்த நீரும் உப்பும் திரும்பி வருகின்றன, கூடவே கொஞ்சம் மாவுச்சத்தும். பழைய சோறு ஊறினால் இரும்புச்சத்து பல மடங்கு பெருகுகிறது என்று சுற்றிவரும் கணக்கை நான் நம்பவில்லை. ஊறுவதால் இல்லாத இரும்பு முளைத்துவிடாது, இருப்பதை உடம்பு எடுத்துக்கொள்வது சற்று எளிதாகலாம், அவ்வளவே. கரையில் டீக்கடை இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது. ஆனால் அந்த டீ வலை கரையேறிய பிறகு வருவது.

மீனவர் வாழ்க்கையை அழகுபடுத்திக் காட்டுவதாக ஒருவர் சொல்லக்கூடும். ராத்திரி வேலை யார் செய்தாலும் உடம்பு தேயும், மறுக்கவில்லை. ஆனால் ஓதத்தின் நேரக்கணக்கில் ஒரு கருணை இருக்கிறது. மனித உடம்பின் உள்கடிகாரம் சரியாக 24 மணி நேரத்தில் சுற்றுவதில்லை, சராசரியாகச் சில நிமிடம் அதிகம் எடுத்துக்கொள்கிறது. அதனால் தூங்கப்போவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுவது நமக்கு எளிது, முன்னுக்கு இழுப்பது கடினம். ஓதம் எப்போதும் பின்னுக்கே போகிறது, அதுவும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக. உடம்பு முழுதாகத் தொடர முடியாவிட்டாலும் போகும் திசை ஒத்துப்போகிறது.

எனக்கு உள்ளபடியே கவலை தருவது அந்தக் குப்பங்களின் அடுத்த தலைமுறை. முகத்துவாரம் மணல் மூடுவதும் மீன்பாடு குறைவதுமாக இருக்கையில், கும்மிடிப்பூண்டிப் பக்கமும் எண்ணூர்ப் பக்கமும் ஆலை வேலைக்குப் போகும் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே நேரம் நாளுக்கு 50 நிமிடமாக நகர்வதில்லை. இந்த வாரம் காலை ஷிஃப்ட், அடுத்த வாரம் நைட் ஷிஃப்ட் என்று ஒரே தாவலில் எட்டு மணி நேரம் முன்னுக்குப் பாய்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் இரவு ஷிஃப்ட் வேலையைப் அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது, 2019-இல் மறு ஆய்வு செய்தும் அதை மாற்றவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு இயந்திரத்தின் முன் கண் சொக்கும் பையனுக்குக் காப்பி கொடுப்பது ஆபத்தைத் தடுக்கும், அந்த ஒரு இடத்தில் காப்பிக்கு நியாயம் உண்டு. ஆனால் அவன் வேலை முடிந்து படுக்கும் எட்டு மணிக்கு அதில் பாதி ரத்தத்தில் இருக்கிறது. அப்பாவை உற்சாகப்படுத்திய அதே வெயில் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஒற்றை அறை வீடு, காய்ந்துகொண்டிருக்கும் தகரக் கூரை, வெளியே மீன் ஏலச் சத்தம்.

இதற்கு மருந்து புதிய பானம் எதுவும் இல்லை. ஷிஃப்ட் பட்டியலைக் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் பின்னுக்கு மட்டும் நகர்த்தலாம். நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் தூங்க விடலாம். காப்பியை ஷிஃப்டின் முதல் பாதியோடு நிறுத்தச் சொல்லலாம். பட்டியலை மாற்றினால் உற்பத்தி குறையும் என்பார்கள். ஆட்களின் எண்ணிக்கையும் மொத்த மணி நேரமும் அப்படியே இருக்க, வரிசை மட்டுமே மாறுகிறது. வேலைக்குப் போகும் பையன் அந்தப் பட்டியலைக் கையில் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, அடுத்த வாரம் முன்னுக்கா, பின்னுக்கா என்பதுதான்.