வாடை மட்டும் சாட்சி ஆகாது!

2022-ம் வருஷம், வைகாசி மாதம். மறுநாள் விடிகாலை வரதராஜப் பெருமாள் கருட சேவை என்பதால் ஊரெல்லாம் ஒரே கூட்டம். செவிலிமேட்டிலிருந்து பாவு வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்த என் கொழுந்தனார் மீது ராத்திரி பத்து மணிக்கு ஒரு வேன் மோதிவிட்டது. வலது கால் முறிந்து போனது.

வேன் ஓட்டி வந்தவருக்கு நெற்றியில் லேசான காயம். இரண்டு பேரையும் ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். அந்த ஆள் பக்கத்தில் நிற்க முடியவில்லை, அப்படி ஒரு வாடை. தள்ளாடினார், பேச்சு குழறியது. டாக்டரும் பதிவேட்டில் 'மது வாடை' என்று எழுதினார். 'அதான் எழுதியாச்சே, இனிமே எப்படி தப்பிப்பான்?' என்று நாங்களும் சும்மா இருந்துவிட்டோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு.

திருவிழா பந்தோபஸ்து மும்முரத்தில் ஊதிப் பார்க்கும் கருவியும் வரவில்லை, ரத்தமும் எடுக்கவில்லை. மறுநாள் மத்தியானம்தான் எடுத்தார்கள். 'ஆல்கஹால் இல்லை' என்று ரிசல்ட் வந்தது. குடித்துவிட்டு ஓட்டிய குற்றம் நிற்காமல் போய், அஜாக்கிரதையாக ஓட்டிய வழக்கு மட்டும்தான் மிஞ்சியது.

எங்கள் வக்கீல் விளக்கியபோதுதான் விஷயமே புரிந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவுப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் குற்றம். ஆனால், அது மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் ரத்தத்தில் குறைந்துகொண்டே வருமாம். ராத்திரி பத்து மணிக்கு 90 இருந்தால், இரண்டு மணிக்கு 30 ஆகிவிடும். விடிவதற்குள் ஒன்றுமே இருக்காது. மத்தியானம் எடுத்து என்ன பிரயோஜனம்?

வாடை, தள்ளாட்டம், குழறல் இவற்றை மட்டும் வைத்து ஒருவர் குடித்திருந்தார் என்று முடிவு கட்ட முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 1971-லேயே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறதாம். அந்த வழக்கில் சிறுநீரைச் சோதிக்கவில்லை; ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பியும் அதன் அறிக்கையை கோர்ட்டில் தாக்கல் செய்யவில்லை.

சரி, ரத்தம் எடுத்துவிட்டால் மட்டும் போதுமா? 2024 மே 19-ல் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய கார் மோதி இரண்டு இளம் இன்ஜினீயர்கள் இறந்தார்களே, அந்த வழக்கில் பையனின் ரத்தத்தை எடுத்துவிட்டு அவன் தாயின் ரத்தத்தை வைத்துவிட்டார்கள் என்று போலீசார் குற்றம் சாட்டினார்கள். மரபணுச் சோதனையில்தான் அது தெரிய வந்ததாம். படித்தபோது என் வயிறு கலங்கியது. பிள்ளைப் பாசம் எதுவரை போகலாம்?

ரத்தம் எடுப்பதிலும் முறை இருக்கிறது. ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது. கெடாமல் இருக்க, சோடியம் புளோரைடு போட்ட குப்பியில் எடுத்து, பெயர், தேதி, நேரம் எழுதி, சீல் வைத்து தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இதில் ஏதாவது ஒன்று பிசகினாலும் எதிர்க்கட்சி வக்கீல் பிடித்துக்கொள்வார். இந்த முறைகள் குடிக்காதவர் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கும்தான். நாளைக்கு நம் வீட்டுப் பிள்ளை மீதே வீண் பழி வந்தாலும் இதுதான் காப்பாற்றும்.

சகோதரிகளே, இப்படி ஒரு கஷ்டம் யாருக்கும் வர வேண்டாம். வந்தால், அடிபட்டவருக்கு வைத்தியம் நடக்கும்போதே வீட்டில் ஒருவர் போலீசாரிடம் போய், 'உடனே ஊதிப் பார்க்க வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும்' என்று எழுதிக் கொடுங்கள். நகலில் தேதி, நேரத்தோடு கையெழுத்து வாங்குங்கள். குடித்து ஓட்டியதாகக் கைது செய்தவரை 2 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் பரிசோதிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. நஷ்டஈட்டு வழக்கு தனி. குடித்ததை நிரூபிக்க முடியாவிட்டாலும் ஓட்டியவர் மீது தப்பு இருந்தால் அது கிடைக்கும். அதனால் மனசு விட்டுவிடாதீர்கள்.

என் கொழுந்தனாருக்கு இன்னமும் குழித்தறியில் மிதியை அழுத்தி மிதிக்க முடியவில்லை. ஜரிகை சுற்றிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அறுந்த இழையை அப்போதே முடிந்துவிட வேண்டும், நெய்து முடித்த பிறகு தேடினால் கிடைக்காது என்பார் என் மாமியார். அன்று ராத்திரி எங்களுக்கு அது தோன்றாமல் போய்விட்டது. உங்களுக்காவது தோன்றட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

- ஒரு வாசகி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.