மலையும் மழையும்

நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்து மக்கள் தென்மேற்குப் பருவமழையை இடவப்பாதி மழை என்பர். ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள அப்பருவத்தில் திருவனந்தபுரம் சராசரியாகச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெறுகின்றது. அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாளையங்கோட்டைக்கோ 100 மில்லிமீட்டர்கூடக் கிடைப்பதில்லை. இவ்வேறுபாட்டிற்குத் தலையாய காரணம் இடையே நிற்கும் அகத்தியமலைத் தொடரேயாகும்.

அரபிக் கடலிலிருந்து நீராவியைச் சுமந்து வரும் காற்று மலைச்சரிவில் மோதி மேலெழுகின்றது. உயரே காற்றமுக்கம் குறைவாதலால் அது விரிவடைந்து குளிர்கின்றது. மேகம் திரளும் வரை, கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் வீதம் வெப்பநிலை குறையும். பின்னர் நீராவி துளிகளாகி மழையாகப் பொழிகின்றது. மலையைக் கடந்து கீழிறங்கும் காற்று அமுக்கமுற்றுச் சூடேறுவதால் எஞ்சிய மேகமும் கரைகின்றது. இவ்வாறு கிழக்குப் பகுதி மழை மறைவுப் பிரதேசமாகின்றது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குக் காற்று வீசுங்கால் கீழைச் சரிவும் நல்ல மழை பெறுகின்றது, தாமிரபரணி பெருகுகின்றது.

1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்தை உச்சியாகக் கொண்ட இம்மலைகளிற் பெய்யும் மழையே நெய்யாறாக மேற்கு நோக்கி ஓடுகின்றது. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தாலுகா சென்னை இராஜ்யத்துடன் இணைந்தது. பின்னர் நெய்யாற்று அணையின் இடதுகரைக் கால்வாய் எல்லை கடந்து அத்தாலுகாவின் வயல்களுக்கு நீர் தந்தது. 2004-இல் அந்நீர் நின்றது. ஆகவே மலையிற் பெய்யும் மழையைச் செவ்வனே அளந்தறிதல் எல்லைக்கு இருபாலும் வாழும் உழவர்க்கு இன்றியமையாததாகும்.