முதலில் பள்ளி, அப்புறம் வீடு

மாற்றல் உத்தரவு வந்ததும் பலர் முதலில் தேடுவது வீட்டுத் தரகரின் எண்ணைத்தான். சென்னைக்குக் குடிவருகிறவர்கள் அலுவலகத்துக்குப் பக்கமாக வீடு பார்த்து, அட்வான்ஸ் கொடுத்து, பாலும் காய்ச்சிவிட்டுத்தான் எதிர்வீட்டில் விசாரிக்கிறார்கள்: "இங்க நல்ல ஸ்கூல் எதுங்க?" பிள்ளை ஐந்தாம் வகுப்புக்குள் படிப்பதாக இருந்தால் இந்த வரிசை தப்பு. பள்ளியை முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில் வீடு தேட வேண்டும்.

அப்பாவோ அம்மாவோ ஒரு மணி நேரம் பயணம் செய்து வேலைக்குப் போகலாம். ஆறு வயதுப் பிள்ளையை ஏழு மணிக்கே வேனில் ஏற்றினால், முதல் பாடவேளையிலேயே அது தூங்கி வழியும். அதிலும் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளுக்காகச் சாலைகளைத் திருப்பிவிட்ட பிறகு, பத்து நிமிட வழி எத்தனை நிமிடம் ஆகும் என்று ஓட்டுநருக்கே தெரியாது. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தமிழக அரசு வகுத்த விதிகளும் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு 1 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன. பெயர்பெற்ற பள்ளியைத் தேடி ஊரின் மறுகோடிக்குப் பிள்ளையை அனுப்புவதை மேல் வகுப்புகளில் யோசித்துக்கொள்ளலாம்.

அடுத்த குழப்பம் பாடத்திட்டம். மத்திய அரசு வேலை, அடிக்கடி மாநிலம் விட்டு மாநிலம் மாற்றல் என்றால் சிபிஎஸ்இ வசதி. மற்றவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சமச்சீர்க் கல்வி 2010-11இல் தொடங்கி அடுத்த ஆண்டே பத்தாம் வகுப்புவரை வந்துவிட்டதால், மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான். கூடுதல் பணம் பயிற்றுமொழிக்கும் கட்டடத்துக்கும் பெயருக்கும்தான் போகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நீட் தேர்வை மனதில் வைத்துப் பள்ளி தேடும் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசி ஜெயிக்க முடியாது.

பெங்களூரிலிருந்தோ டெல்லியிலிருந்தோ திரும்பும் குடும்பங்களுக்கு வேறொரு சிக்கல். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. நான்காம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைக்கு 'அ' எழுதவே வராது என்றால், தனியாகச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் உண்டா என்று சேர்க்கைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பள்ளியைப் பார்க்கப் போனால் வரவேற்பறைக் கோப்பைகளைப் பார்த்து மயங்க வேண்டாம். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நில்லுங்கள். பிள்ளைகள் எந்த முகத்தோடு வெளியே வருகிறார்கள், சாலையை யார் கடத்திவிடுகிறார்கள், காவலாளி அவர்களிடம் எப்படிப் பேசுகிறார் என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். கழிவறையைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே பதில். தொடக்க வகுப்பில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் கணக்கு. ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குப் பிள்ளைக்குத் தேர்வு வைத்தால் முதல் முறை 25,000 ரூபாய்வரை அபராதம் உண்டு. 'சும்மா பேசிப் பார்க்கிறோம்' என்று அதற்குப் பூச்சு பூசுகிற பள்ளிகளும் உண்டு.

மாநகராட்சிப் பள்ளி என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டுச் சுளிக்கட்டும். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அங்கே நடக்கிறது; இரண்டு பேரும் வேலைக்கு ஓடும் வீட்டுக்கு அது சின்ன உதவி இல்லை. எல்லாப் பள்ளியும் ஒன்றுபோல இருக்காது. தலைமையாசிரியர் எப்படியோ பள்ளி அப்படி.

பள்ளி முடிவானபின் தெருவுக்கு வருவோம். வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் புகுந்த கதையைத் தரகர் சொல்ல மாட்டார். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரைக் கேளுங்கள். எந்த வீட்டில் எதுவரை ஏறியது என்று கையைக் காட்டிச் சொல்வார். கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டுமா, அதற்குத் தனிக் காசா என்பதையும் அவரிடமே கேட்கலாம். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் பெரிய சாலை குறுக்கிட்டால், வாடகை குறைவாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம். பத்து மாத அட்வான்ஸ் கேட்டால், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில் இருப்பது மூன்று மாத வாடகைதான் என்று சொல்லிப் பேரம் பேசுங்கள். வேறு தொகைக்கு நீங்களே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் சட்டம் கைகொடுக்காது.

ஆண்டின் நடுவில் மாற்றல் வந்தாலும் கலங்க வேண்டாம். பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழைத் தாமதப்படுத்துகிறது என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளி அலுவலகத்தில் அதை எடுத்துச் சொல்லுங்கள். சேர்க்கை ரசீது கைக்கு வந்த பிறகு வீட்டுக்காரரிடம் அட்வான்ஸைக் கொடுங்கள்.