தலைமைத் தாதியின் பொறுப்பு

பெங்களூரில் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டின் அருகே, 1900-ஆம் ஆண்டில் கர்சன் பிரபு திறந்துவைத்த விக்டோரியா ஆஸ்பத்திரியை அறியாத தமிழர் இவ்வூரில் அரியர். அங்கும், நகரின் ஏனைய மருத்துவமனைகளிலும், கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது எனப் பல மொழி பேசுவோர் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருப்பர். தாதியர்மீது குறை கூறாத உறவினரும் அரியரே. நாமும் ஒருகால் கூறினோம்.

வேறொரு மருத்துவமனையில் உறவினர் ஒருவருக்கு இரவில் துணையிருந்தோம். குளுக்கோஸ் புட்டி தீர்ந்து அரைமணி நேரமாகியும் தாதி வரவில்லை. காலையில் தலைமைத் தாதியிடம் கடுமையாகவே முறையிட்டோம். அந்த அம்மையார் சினம் கொள்ளாமல் பணிநேரப் பட்டியலை எடுத்துக் காட்டினார். நாற்பது கட்டில்களுக்கு அன்றிரவு இருவரே தாதியர். அவர்களுள் ஒருவர், நிலை மோசமான நோயாளியுடன் அறுவை அறைக்குச் சென்றிருந்தார். எஞ்சிய ஒருவரை ஏசி என்ன பயன்?

1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தியச் செவிலியர் மன்றம், பொது மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு தாதி என்றும், மருத்துவக் கல்லூரி சார்ந்தவற்றில் மூவருக்கு ஒருவர் என்றும் அளவு வகுத்துள்ளது. ஆள் குறைந்த வார்டில் ஒருவருடைய திறமையை அளப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்த்தாக வேண்டும்.

ஆயினும், ஆள் இருந்தால் மட்டும் போதாது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-இல் வெளியிட்ட செவிலியக் குறிப்பு நூலில், தாம் இருக்கையில் நடைபெறும் நற்பணி தாம் இல்லாதபோதும் நடைபெற ஏற்பாடு செய்வதையே நிர்வாகமாகக் கருதுகிறார். இதற்கு நம் அலுவலகங்களில் ஆண்டுக்கொருமுறை நிரப்பும் மதிப்பீட்டுப் படிவங்கள் அவ்வளவாக உதவா. (அவற்றை மொழிபெயர்த்துக் களைத்தவர் நாம்; ஆதலின் துணிந்து சொல்கிறோம்.) இன்ன நோயாளி இன்ன தாதியின் பொறுப்பு என வகுத்தல் வேண்டும். பணி மாறும் வேளையில் இரு தாதியரும் கட்டிலருகே நின்று, கொடுத்த மருந்தையும் கொடுக்க வேண்டியதையும் ஒப்புவித்தல் வேண்டும். மருந்து மாறிவிட்டதென்றால், மாற்றியவரைத் தண்டிப்பதில் முனைவதினும், ஒன்றுபோல் தோன்றும் இரு குப்பிகள் ஒரே தட்டில் இருந்தனவா என்று வினவுதல் நன்று. தண்டனைக்கு அஞ்சினால் அடுத்த பிழையை எவரும் வாய்விட்டுச் சொல்லார். நோயாளியே அதன் பலனை அனுபவிப்பார்.

நாம் முறையிட்ட மறுநாள் இரவு மீண்டும் சென்றோம். தாதியர் அன்றும் இருவரே. ஆனால் புட்டி ஏறும் நோயாளிகளின் கட்டில்கள் யாவும் தாதியரின் மேசைக்கு எதிரே நகர்த்தப்பட்டிருந்தன. பணி ஒப்புவிக்கையில், கன்னடம் அறியாத நம் உறவினரிடம் அந்த அம்மையார், "எங்கே வலிக்குது?" என்று தமிழிலேயே கேட்டு, விடையை இரவுத் தாதிக்குக் கன்னடத்தில் சொல்லிச் சென்றார்.